மரைன் டேங்குக்கு வீட்டிலேயே சில்லர் கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர் டேங்க் (மரைன் டேங்க்) வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தாலே கவலை பிடித்துக்கொள்ளும். விளக்கு அணைந்த பிறகும் தெர்மாமீட்டர் 30-இலிருந்து இறங்காது. கடையில் சில்லர், அதாவது டேங்க் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின், விலையைக் கேட்டதும், நாமே ஒன்று கட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். கட்டலாம். ஆனால் எதை வைத்துக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டேங்க் எத்தனை டிகிரியைத் தாண்டினால் பயப்பட வேண்டும்?

24 முதல் 27 டிகிரி வரை பத்திரம். நான் 26-இல் வைப்பேன். க்ளௌன் மீன் மட்டும் இருக்கும் டேங்க் 29 டிகிரியைக்கூட ஓரளவு தாங்கிவிடும். அனிமோனும் (பூப்போல விரியும் கடல் உயிரி) பவள வகைகளும் அப்படியில்லை. அவற்றின் திசுக்களுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசியைச் சூடு கூடியதும் வெளியேற்றிவிடும். நிறம் வெளுத்துப்போவது அதனால்தான்.

இன்னொரு பக்கம் ஆக்சிஜன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, இரவில் பாசியும் ஆக்சிஜனை விடுவதில்லை. கோடையில் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் சாவது இதனால்தான். அதனால் மதியம் மட்டும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

கடலே கோடையில் 30 டிகிரி தொடுகிறதே, டேங்குக்கு மட்டும் ஏன் 26?

நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் 30-ஐத் தாண்டுவது உண்டுதான். ஆனால் அங்கேயும் அந்தச் சூட்டுக்குப் பவளங்கள் விலை கொடுத்திருக்கின்றன. 1998, 2010, 2016 ஆண்டுகளில் அங்கிருந்த பவளப் பாறைகள் பெரிய அளவில் வெளுத்தன. கடலில் அலை இருக்கிறது, ஆழம் இருக்கிறது, ஒரே நாளில் சூடு தாறுமாறாக ஏறி இறங்குவதும் இல்லை. நம் டேங்கிலோ காலையில் 27, மாலையில் 31 என்று ஆடும். சொல்லப்போனால் 27.5-இல் அசையாமல் நிற்கும் டேங்க், 25-க்கும் 29-க்கும் இடையில் ஆடும் டேங்கைவிட எவ்வளவோ மேல். சில்லர் கட்டுவது தண்ணீரைக் குளிரவைப்பதற்கு என்பதைவிட, இந்த ஆட்டத்தை நிறுத்துவதற்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து கல் பவளத்தையோ கடல் குதிரையையோ எடுத்துவந்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் இங்கே பேசுவது அந்த மாதிரி டேங்குகளைப் பற்றி அல்ல.

ஃபேன் வைத்தால் போதாதா?

சில்லர் பற்றி யோசிப்பதற்கு முன் முதலில் ஃபேன்தான் வைக்க வேண்டும். டேங்கின் மேல்மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பின்மீது காற்று சாய்வாகப் படும்படி இரண்டு சின்ன ஃபேன்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கரண்ட் பில் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால், 24 மணி நேரமும் 110 வாட் சில்லர் ஓடியதற்குச் சமம். அதுவும் மிகக் குறைந்த கரண்டில்.

ஆனால் ஃபேனுக்கு ஒரு எல்லை உண்டு. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் ஃபேன் நன்றாக வேலை செய்யும். சென்னையில் கடல்காற்று வீசும் மே மாத மாலையில் 28-க்குக் கீழே இறக்குவதே பெரும்பாடு. ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு டேங்கிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல.

ஃபேன் வைத்தும் 28.5-க்குக் கீழே வரவில்லை என்றால்தான் சில்லர். அப்போதும் ஃபேனைக் கழற்ற வேண்டாம், சில்லரின் சுமையில் கொஞ்சத்தை அது சுமக்கும்.

என் டேங்குக்கு எவ்வளவு பெரிய சில்லர் வேண்டும்?

மெஷினைத் தேடிப் போவதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குறைக்க 1.16 வாட்-மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 400 லிட்டருக்கு ஒரு டிகிரி என்றால் ஏறத்தாழ அரை யூனிட்.

ஆனால் முக்கியமான கணக்கு அது அல்ல. நிமிடத்துக்கு நிமிடம் டேங்குக்குள் எவ்வளவு வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது என்பதுதான். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள டேங்கை எடுத்துக்கொள்வோம். அறை 33 டிகிரி, டேங்க் 26. கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் சுமார் 125 வாட் உள்ளே வரும். தண்ணீருக்குள் மூழ்கிய பம்ப் எத்தனை வாட் இழுக்கிறதோ, அநேகமாக அத்தனையும் தண்ணீரில் சூடாகத்தான் முடியும். அதற்கு 60 வாட் வையுங்கள். எல்.இ.டி. விளக்கின் பாதி இன்னொரு 60 வாட். மொத்தம் 250 வாட், சம்ப்பையும் (டேங்கோடு இணைந்த துணைத் தொட்டி) சேர்த்தால் 300.

எந்த மெஷினும் மூச்சு விடாமல் ஓடக்கூடாது. பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஓய வேண்டும். அப்படியென்றால் 600 வாட் குளிரூட்டும் திறன் வேண்டும். கம்பிரசர் இழுக்கும் கரண்ட் வாட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே சொல்வது அது வெளியே எடுத்துத் தள்ளும் வெப்பம்.

பம்ப்பை மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும். பழைய ஏ.சி. பம்ப்புக்குப் பதில் டி.சி. பம்ப் போட்டாலே 30, 40 வாட் குறையும். அந்த அளவுக்குச் சில்லரின் வேலையும் குறைகிறது.

பழைய மினி ஃப்ரிட்ஜில் ஓட்டை போட்டு, உள்ளே ட்யூபைச் சுருட்டி வைத்தால் ஆகாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆகாது. ஏன் ஆகாது என்று விளங்கிவிட்டால் நல்ல சில்லர் எப்படி இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

அரை அங்குல பிளாஸ்டிக் ட்யூப் 15 மீட்டர் சுருட்டி வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளிப்பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே கூட. ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரி, டேங்க் தண்ணீர் 26 டிகிரி. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், அசையாத காற்று வழியாகக் கடக்கும் வெப்பம் 60, 70 வாட்டுதான். ஃப்ரிட்ஜ் உள்ளே சில்லென்று இருக்கும், ட்யூபைத் தொட்டாலும் சில்லென்று இருக்கும், டேங்க் மட்டும் இறங்கவே இறங்காது.

அதே ட்யூபை அதே ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரை ஒரு குட்டிப் பம்ப்பால் கலக்கிவிட்டால், ட்யூப் கடத்தும் வெப்பம் பத்து மடங்குக்கு மேல் ஏறும். ஆனால் உடனே அடுத்த முட்டுக்கட்டை வரும். மினி ஃப்ரிட்ஜின் கம்பிரசர், ஏற்கனவே குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது. அதன் திறன் நூறு, நூற்றைம்பது வாட்டுக்குள். வெதுவெதுப்பான தண்ணீர் நாள் முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் அது நிற்காமல் ஓடி, சூடேறி, ஒரு கோடைகூடத் தாண்டாமல் போய்விடும். 60 லிட்டருக்குள் உள்ள நானோ டேங்குக்கு வேண்டுமானால் பக்கெட்டோடு முயன்று பார்க்கலாம்.

புது ஃப்ரிட்ஜில் ஓட்டை போட நினைத்தால் இன்னும் ஜாக்கிரதை. இப்போது வரும் பலவற்றில் ஆர்-600ஏ என்ற தீப்பிடிக்கும் கேஸ் இருக்கிறது. சில மாடல்களில் கேஸ் ட்யூப் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடும். டிரில் அதில் பட்டால் மெஷின் போவதோடு நிற்காது.

அப்படியானால் எந்த மெஷின் சரி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடைகளில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டியின் கால் ஹெச்.பி. யூனிட். கதவைத் திறந்து திறந்து மூடும் இடத்துக்காகச் செய்யப்பட்டதால் தாக்குப்பிடிக்கும், அளவும் பொருத்தம். இன்னொன்று, பழைய முக்கால் டன் அல்லது ஒரு டன் விண்டோ ஏசி. இது சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. இன்வெர்ட்டர் ஏசி வேண்டாம். அதன் போர்டு தன் சென்சார்கள் சொல்வதைத்தான் கேட்கும், நம் கன்ட்ரோலரை அல்ல.

முக்கால் டன் என்பது 2,600 வாட். நமக்கு வேண்டியதைவிட நாலு மடங்கு. டேங்கை நேராக அதனோடு இணைத்தால் கம்பிரசர் கொஞ்ச நேரமே ஓடி நின்று, மறுபடி ஓடி, அதிலேயே கெட்டுப்போகும். அதனால் நடுவில் ஒரு குளிர்தொட்டி வேண்டும்.

விண்டோ ஏசியை வைத்து எப்படிக் கட்டுவது?

40, 50 லிட்டர் ஐஸ் பாக்ஸ் ஒன்று, மீன் வண்டியில் வைத்திருப்பார்களே, அது போதும். ஏசியின் வெளி உறையைக் கழற்றினால் முன்பக்கம் கூலிங் காயிலும் பின்பக்கம் சூட்டை வெளியே தள்ளும் காயிலும் தெரியும். நடுவில் ஒரே மோட்டார், இரண்டு பக்கமும் தண்டு. முன்பக்க ப்ளோயரைக் கழற்றிவிட வேண்டும். பின்பக்க ஃபேன் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்ததுதான் கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. கூலிங் காயிலைத் தாங்கும் திருகுகளைக் கழற்றி, அதோடு வரும் செப்புக் குழாய்களை மெல்ல மெல்ல வளைத்து, காயில் ஐஸ் பாக்ஸுக்குள் இறங்கும்படி கொண்டுவர வேண்டும். குழாய் ஓர் இடத்தில் மடிந்து தட்டையானாலும் கதை முடிந்தது. கேஸ் வழி அடைபடும், இல்லாவிட்டால் விரிசல் விடும். குழாயை ஒரே இடத்தில் மடக்காமல், நீளம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போனால் தாங்கும். கம்பிரசர் மட்டும் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். பழக்கப்பட்ட ஏசி மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கப்பாசிட்டரைத் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை அவரே டிஸ்சார்ஜ் செய்யட்டும்.

ஐஸ் பாக்ஸை மூன்று பங்கு தண்ணீர், ஒரு பங்கு புரொப்பிலீன் கிளைக்கால் (தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்) கலவையால் நிரப்புங்கள். துருத்தடுப்பு சேர்த்த கிளைக்காலாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காயிலின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். காரில் ஊற்றும் கூலண்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், அது விஷம். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

இந்தத் தொட்டிக்குள் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று ஏசியின் கூலிங் காயில். மற்றொன்று டேங்க் தண்ணீர் ஓடும் காயில். இரண்டுக்கும் நடுவே கலக்கிவிட ஒரு சின்னப் பம்ப். கலக்காவிட்டால் ஏசி காயிலைச் சுற்றிப் பனி கட்டி, பக்கத்திலிருக்கும் தண்ணீர் சூடாகவே நிற்கும்.

40 லிட்டர் தொட்டி 10 டிகிரியிலிருந்து 16-க்கு ஏறுவதற்குள் 280 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். நம் 300 வாட் டேங்குக்கு அது கிட்டத்தட்ட ஒரு மணி நேரத் தேவை. பிறகு ஏசி ஏழெட்டு நிமிடம் ஓடித் தொட்டியைத் திரும்ப 10-க்குக் கொண்டுவந்துவிடும். மணிக்கு ஒரு தடவை மட்டும் ஸ்டார்ட் ஆகும் கம்பிரசர் பல வருடம் உழைக்கும்.

ஏசியின் செப்புக் காயிலை நேராக சம்ப்பிலேயே போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்தானே?

கூடவே கூடாது. உப்புத் தண்ணீர் செம்பைக் கரைக்கும். கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறால், நத்தை, அனிமோன், பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் ஏறிவிட்டால் பிறகு எடுப்பதும் கஷ்டம். காயிலின்மேல் பெயின்ட் அடிக்கிறேன், எப்பாக்ஸி பூசுகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஊசிமுனை அளவு இடைவெளி போதும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? 304 வகை உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். நம்பி வைக்கக்கூடியது டைட்டானியம். விலை உறுத்தினால் மெல்லிய சுவருள்ள பாலிஎத்திலீன் ட்யூப். வெப்பத்தைக் கடத்துவதில் அது மட்டம்தான். ஆனாலும் கலங்கிக்கொண்டிருக்கும் 12 டிகிரித் தொட்டியில் 15 மீட்டர் சுருட்டிப் போட்டால் 600 வாட்டை எட்டிவிடலாம். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள்.

தொட்டிக்குள் ட்யூபில் ஜாயின்ட் எதுவும் இருக்கக்கூடாது, ஒரே நீளமாக இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் தொட்டியின் உள்சுவரில் நீர்மட்டத்தில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். மூடியிருக்கும் தொட்டியில் மட்டம் ஏறினால் காயில் கசிகிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் தொட்டித் தண்ணீரின் உப்பளவைப் பார்த்துவிடலாம். கிளைக்கால் டேங்குக்குள் போனால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். இந்தக் கோட்டை வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

பெல்டியர் வைத்துச் செய்யலாமா?

பெல்டியர் என்பது கரண்ட் விட்டால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு. 20, 30 லிட்டர் டேங்குக்கு மட்டும் சரி. 60 வாட் இழுக்கும் ஒரு பெல்டியர் தகடு நடைமுறையில் 20, 25 வாட் வெப்பத்தைத்தான் நகர்த்தும். 300 வாட்டுக்குப் பன்னிரண்டு தகடு, 700 வாட் கரண்ட். அதோடு விற்கப்படும் அலுமினிய வாட்டர் பிளாக்கில் உப்புத் தண்ணீரை விடாதீர்கள்.

கேஸ் குழாயை வெட்டி டைட்டானியம் காயிலை நேரடியாக இணைத்தால்?

அதுதான் கடைச் சில்லர். திறமையும் கூடுதல். ஆனால் கேஸை வெளியே விடாமல் பிடித்தெடுக்க, நைட்ரஜன் விட்டு வெல்டு வைக்க, வாக்குவம் போட, அளவாகத் திரும்ப நிரப்ப, எல்லாவற்றுக்கும் கருவியும் பயிற்சியும் வேண்டும். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. ஆர்-32-ம் ஆர்-290-ம் தீப்பிடிப்பவை. இதை மெக்கானிக்கிடமே விடுங்கள். குளிர்தொட்டி முறையை நான் விரும்புவதற்கு முதல் காரணமே கேஸ் குழாயைத் திறக்காமல் வேலை முடிகிறது என்பதுதான்.

கன்ட்ரோலர் எது, எப்படி செட் செய்வது?

எஸ்.டி.சி.-1000 என்ற சின்ன டிஜிட்டல் தெர்மோஸ்டாட் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். ஒன்றின் சென்சார் குளிர்தொட்டியில் இருந்து கம்பிரசரை இயக்கும். மற்றொன்றின் சென்சார் சம்ப்பில் இருந்து, டேங்க் தண்ணீரைக் காயிலுக்குள் தள்ளும் பம்ப்பை மட்டும் இயக்கும்.

டேங்க் பக்கம் 26, வித்தியாசம் 0.5, அதாவது 26.5 ஆனதும் ஓடத் தொடங்கி 26-இல் நிற்கும். தொட்டி பக்கம் 10, வித்தியாசம் 6. கம்பிரசர் தாமதத்தை 3 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். கரண்ட் போய் உடனே திரும்பும்போது கம்பிரசரைக் காப்பாற்றுவது அந்தத் தாமதம்தான். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே (சின்ன ஸ்விட்ச்) ஏசியின் ஸ்டார்டிங் கரண்டைத் தாங்காது, நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது அதிகக் கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச், போட வேண்டும். சென்சார் காட்டும் அளவை நல்ல தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுச் சரிசெய்யவும் அதில் வசதி இருக்கிறது.

சம்ப் சென்சாரை அசையாமல் கட்டிவையுங்கள். அது தண்ணீரிலிருந்து நழுவி வெளியே தொங்கினால் அறைச் சூட்டைத்தான் படிக்கும். பம்ப் நிற்காமல் ஓடி, டேங்க் 20 டிகிரிக்குப் போய்விடும்.

ஷாக் அடிக்காமல் இருக்க?

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள். இதில் பேரமே இல்லை. ஏசியின் உலோக உடலுக்கு எர்த் இருக்க வேண்டும். எந்த ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே இறங்கி வளைந்து ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்விட்ச் போர்டை டேங்கின் கீழ் அலமாரிக்குள் வைப்பதைப் பலர் வசதி என்று நினைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பின்களில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்.

மெஷினை எங்கே வைப்பது?

பால்கனியில், நிழலில். டேங்கிலிருந்து எடுத்த வெப்பமும் கம்பிரசர் தின்ற கரண்டும் சேர்ந்துதான் பின்பக்கம் சூடான காற்றாக வருகிறது. அதை ஹாலுக்குள்ளேயே விட்டால் அறை சூடாகி டேங்கும் சூடாகும். பைப்புக்கு ஏசி செப்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் உறை போட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு வெறும் பைப் வியர்த்து, தரை முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? அறைக்கே ஏசி போட்டுவிட்டால் என்ன?

300 வாட் வெப்பம் என்பது ஒரு நாளைக்கு 7 யூனிட் அளவு. அதை வெளியேற்றப் பழைய ஏசி சுமார் 3 முதல் 3.5 யூனிட் கரண்ட் எடுக்கும். கோடை மாதத்துக்கு 100 யூனிட்டை ஒட்டி வரும். இரண்டு மாத பில்லில் 200 யூனிட் கூடினால் மேல் ஸ்லாபுக்குத் தள்ளிவிடும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

டேங்க் படுக்கையறையில் இருந்து, அங்கே எப்படியும் இரவெல்லாம் ஏசி ஓடுகிறது என்றால் தனிச் சில்லர் தேவையில்லாமலே போகலாம். பகலில் ஃபேன், இரவில் ஏசி என்று ஓட்டிவிடலாம். ஹாலில் இருக்கும் டேங்குக்காக ஹால் முழுவதையும் 24 மணி நேரம் குளிரவைப்பதைவிடச் சில்லர்தான் சிக்கனம்.

மதியம் கரண்ட் போய்விட்டால்?

இன்வெர்ட்டரில் சர்க்குலேஷன் பம்ப்பும் ஏர் பம்ப்பும் ஓடட்டும். கம்பிரசரை அதில் போடாதீர்கள். சூட்டைவிட ஆக்சிஜன்தான் முதலில் தீரும். அப்புறம் ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகி 26 டிகிரிக்கு வருவதற்குள் 440 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். 400 லிட்டரை ஒரு டிகிரி குறைக்க ஏறக்குறைய 4 கிலோ வேண்டும். ஃப்ரீசரில் எப்போதும் ஐந்தாறு ஒரு லிட்டர் பாட்டில் உறைந்து கிடக்கட்டும். பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், விரிந்து வெடிக்கும். ஒவ்வொன்றாக சம்ப்பில் மிதக்கவிடுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் போதும், நல்ல தண்ணீர் டேங்கில் கலக்காது.

மழைக்காலத்தில் நிறுத்திவிடலாமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சென்னையில் சில்லருக்கு அநேகமாக வேலையிருக்காது. கம்பிரசர் பக்கத்தை நிறுத்திவிடலாம். ஆனால் காயிலுக்குள் டேங்க் தண்ணீரைத் தேங்கவிட்டுப் போகாதீர்கள். அதில் இருக்கும் உயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்து, வாரக்கணக்கில் அழுகி, அழுகிய முட்டை வாடையடிக்கும் தண்ணீராகிவிடும். மார்ச்சில் பம்ப்பைப் போட்டதும் அது முழுவதும் ஒரே தள்ளாக டேங்குக்குள் வரும். ஒன்று, தினமும் பத்து நிமிடம் பம்ப் ஓடும்படி டைமர் வையுங்கள். இல்லாவிட்டால் காயிலை முழுவதும் வடித்து, ஆர்.ஓ. தண்ணீர் விட்டு அலசி, இரண்டு முனைகளையும் திறந்தே காயவிடுங்கள். திரும்பப் போடும்போது முதல் இரண்டு பக்கெட் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு அப்புறம் டேங்கோடு இணைக்கலாம்.